நடுத்தர ஆட்டமும் நடுநிலைத் தீர்ப்பும்

மக்கள் கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டே விளையாட்டும் அவர்களோடு வளர்ந்து வந்துள்ளது. ஆடுகளமும் ஆடுபொருளும் காலந்தோறும் மாறினும், ஆடி மகிழும் உள்ளம் மாறுவதில்லை. மண்ணிலும் மரப்பலகையிலும் நிகழ்ந்த ஆட்டங்களோடு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒளித்திரையில் நிகழும் ஆட்டங்களும் சேர்ந்துகொண்டன. அவற்றை வீடியோ விளையாட்டுகள் என்று உலகம் வழங்குகின்றது. அமெரிக்க நாட்டு அடாரி நிறுவனம் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாங்' என்னும் ஆட்டத்தில், இரு கோடுகளும் அவற்றிடையே ஓடும் ஒரு புள்ளியுமே காணப்பட்டன. இன்றோ ஓவியர், இசைவல்லார், கதையாசிரியர், கணிப்பொறி வல்லுநர் எனப் பன்னூற்றுவர் பல்லாண்டுகள் கூடி உழைத்து ஒரு பேராட்டத்தை உருவாக்குகின்றனர்.

படைப்பு வளர்ந்த இடத்தில் திறனாய்வும் வளர்தல் இயல்பு. 1979-ஆம் ஆண்டில் பில் கங்கல், ஆர்னி காட்சு என்னும் அமெரிக்கர் இருவர், 'வீடியோ' என்னும் இதழில் இவ்வகை ஆட்டங்களைப் பற்றி எழுதத் தொடங்கினர். 1986-ஆம் ஆண்டில் தோன்றிய 'ஃபாமிட்சு' என்னும் சப்பானிய இதழ் ஒரு புதுமுறையைப் பரவச் செய்தது. திறனாய்வாளர் நால்வர் ஒரே ஆட்டத்தைத் தனித்தனியே ஆடி, ஒவ்வொருவரும் பத்துக்கு இத்துணை என்று மதிப்பெண் வழங்குவர். நால்வர் மதிப்பெண்ணும் கூடி நாற்பதுக்கு இத்துணை என்பது அவ்விதழின் தீர்ப்பாகும். இவ்வாறு எண்ணால் தீர்ப்பு வழங்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது.

நடுத்தரத்தின் இருவகை

சிறந்த ஆட்டத்தைச் சிறந்தது என்று கூறுதல் எளிது. இழிந்த ஆட்டத்தை இழிந்தது என்று தள்ளுதலும் எளிது. திறனாய்வாளரின் அறிவுக்கும் நேர்மைக்கும் உண்மையான தேர்வாக அமைவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆட்டமே. அதனைப் போற்றுவதற்கும் காரணம் உண்டு. பழிப்பதற்கும் காரணம் உண்டு. எதனை எவ்வளவு கூறுவது என்பதில்தான் தீர்ப்பின் சிறப்பு அடங்கியுள்ளது.

நடுத்தரம் என்பதும் ஒரே தன்மையுடையதன்று. அதனுள் இருவகை உண்டு. முன்னோர் சென்ற தடத்தில் அச்சமின்றி நடந்து, சிறிதே முயன்று, முயன்றதைச் செவ்வனே முடித்த ஆட்டம் ஒருவகை. அதில் பெருங்குறையும் இல்லை, பெருஞ்சிறப்பும் இல்லை. எவரும் செல்லாத வழியில் துணிந்து சென்று, பாதியை வியக்கத்தக்க முறையில் நிறைவேற்றி, எஞ்சிய பாதியில் இடறி வீழ்ந்த ஆட்டம் மற்றொரு வகை. இப்பின்னதில் வித்து உயர்ந்தது, விளைவு குறைந்தது.

இவ்விரண்டும் ஒரே மதிப்பெண்ணைப் பெறக்கூடும் என்பது கருதத்தக்கது. ஒரு வகுப்பில் மாணவர் இருவர் உளர் எனக் கொள்க. ஒருவர் கணக்கிலும் வரலாற்றிலும் எழுபது எழுபது மதிப்பெண் பெறுகிறார். மற்றவர் கணக்கில் நூறும் வரலாற்றில் நாற்பதும் பெறுகிறார். சராசரி பார்த்தால் இருவர்க்கும் எழுபதே. ஆயினும், நல்லாசிரியர் இருவர்க்கும் ஒரே அறிவுரையைக் கூறுவாரோ? கூறார். முன்னவர்க்கு வேண்டுவது ஊக்கம். பின்னவர்க்கு வேண்டுவது ஒரு துறையில் திருத்தம். ஆட்டங்களின் நிலையும் இத்தகையதே. எண் மட்டும் நின்று, காரணம் மறைந்துபோகுமாயின், இவ்விரு வகைக்கும் உள்ள வேறுபாடும் மறைந்துபோகும்.

ஒரு நல்ல வித்து

உயர்ந்த எண்ணமும் குறைந்த நிறைவும் ஒருங்கே அமைந்த ஆட்டத்திற்கு 'மிரர்ஸ் எட்ஜ்' தக்கதோர் எடுத்துக்காட்டாகும். சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் உள்ள 'டைஸ்' என்னும் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2008-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இது வெளிவந்தது. ஆட்சியாளர் மக்களின் ஒவ்வொரு சொல்லையும் கண்காணிக்கும் ஒரு நகரம் இதன் களம். அந்நகரில் மறைவான செய்திகளைக் கூரைக்குக் கூரை தாவிச் சுமந்து செல்லும் ஓட்டக்காரர் சிலர் உளர். அவருள் ஒருத்தியான ஃபெய்த் என்பவளே தலைவி.

ஆடுவோர் தலைவியின் கண் வழியாகவே நகரைக் காண்பர். ஓடும்போது அசையும் கைகளும், தாவும்போது முன்னே நீளும் கால்களும், நிலை தடுமாறுகையில் சுழலும் வானமும் அவர்க்குத் தம்முடையனவாகவே தோன்றும். வெண்மை படர்ந்த அந்நகரில், ஏறவேண்டிய குழாயும் தாவவேண்டிய பலகையும் செந்நிறமாய் ஒளிர்ந்து வழிகாட்டும். ஓட்டத்தின் விரைவு குன்றாமல் தொடர்ந்து செல்வதே இவ்வாட்டத்தின் இன்பம். அவ்வின்பத்தையும் நகரின் தோற்றப் பொலிவையும் திறனாய்வாளர் பலர் பாராட்டினர்.

ஆனால், அதே திறனாய்வாளர் குறைகளையும் மறைத்தாரல்லர். வழி தெளிவாகப் புலப்படாத இடங்களில் ஆடுவோர் விழுந்து விழுந்தே வழியறிய வேண்டியிருந்தது. துப்பாக்கி ஏந்திய காவலரோடு போரிட வேண்டிய இடங்களில் ஓட்டத்தின் ஒழுக்கு அறுந்தது. கதையும் விரைவில் முடிந்தது. ஓட்டமே உயிராக அமைந்த ஆட்டத்தில் ஓட்டத்தைத் தடுப்பனவே குறைகளாக அமைந்தன என்பது இத்தீர்ப்புகளின் சாரம். இவ்வாறு குறையின் வேரைக் காட்டுவதே பயனுடைய தீர்ப்பாகும். 2016-ஆம் ஆண்டில் இதன் வழித்தோன்றலாக 'மிரர்ஸ் எட்ஜ் கேட்டலிஸ்ட்' என்னும் ஆட்டம் வெளிவந்தபோது, தலைவி துப்பாக்கி ஏந்தும் முறை அறவே நீக்கப்பட்டிருந்தது. அப்புதிய ஆட்டமும் நிறையும் குறையும் கலந்த தீர்ப்பையே பெற்றது. ஒரு குறை நீங்கிய அளவில் ஒரு படைப்பு முழுமை பெற்றுவிடுவதில்லை என்பதும் இதனால் விளங்கும்.

அடுத்த படைப்பில் முழுமை கண்ட ஆட்டமும் உண்டு. கனடா நாட்டு மான்ட்ரியால் நகரிலுள்ள யூபிசாஃப்ட் நிறுவனக் கிளை, 2007-ஆம் ஆண்டில் 'அசாசின்ஸ் கிரீடு' என்னும் ஆட்டத்தை உருவாக்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்த மூன்றாம் சிலுவைப்போர்க் காலம் அதன் களம். எருசலேம், டமாசுகசு, ஏக்கர் ஆகிய பழம்பெரு நகரங்களை ஆடுவோர் கண்முன் காணலாம்; எந்தச் சுவரிலும் கோபுரத்திலும் ஏறலாம்; மக்கள் திரளில் மறைந்து உலவலாம். எனினும், கதையின் ஒவ்வொரு கட்டத்திற்கும் முன்னே ஒற்றுக் கேட்டல், மடியிலுள்ள ஓலையைக் கவர்தல், ஒருவனை மடக்கி வினவுதல் என்னும் ஒரே வகைச் சிறுபணிகள் திரும்பத் திரும்ப வந்தன. முதன்முறை சுவைத்தது ஐந்தாம் முறை சலித்தது. இதனைத் திறனாய்வாளர் பலரும் ஒருமுகமாகச் சுட்டினர். 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பகுதி, மறுமலர்ச்சிக் கால இத்தாலியைக் களமாகக் கொண்டு, பணிகளைப் பலவகையாகப் பெருக்கி அமைத்தது. அது முதற்பகுதியினும் பெரும்பாராட்டைப் பெற்றது. முதற்பகுதியைப் பதர் என்று ஒதுக்கியிருப்பின், இரண்டாம் பகுதி முளைத்திருக்குமோ என்பது ஐயமே.

எண்ணும் நிறமும்

திறனாய்வாளரின் விரிவான உரையைப் படிக்கப் பலர்க்குப் பொறுமை இருப்பதில்லை. ஆதலின், பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி ஒரே எண்ணாகத் தரும் அமைப்புகள் தோன்றின. அவற்றுள் முதன்மை வாய்ந்தது 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற 'மெட்டாகிரிட்டிக்' ஆகும். அது நூற்றுக்கு இத்துணை என்று ஓர் எண்ணைக் கணித்து, அதற்கு ஒரு நிறமும் தருகின்றது. சில இதழ்களின் மதிப்பெண்ணுக்கு அது மிகுதியான எடை கொடுக்கின்றது. எவ்விதழுக்கு எவ்வளவு எடை என்பதை வெளியிடுவதில்லை.

அந்நிறங்களில் ஒரு வியப்பு உண்டு. பச்சை நிறம் நன்மையையும், மஞ்சள் நிறம் நடுநிலையையும், செந்நிறம் தீமையையும் குறிக்கும். திரைப்படம் ஒன்று 61 பெற்றால் பச்சை நிறம் பெறும். வீடியோ விளையாட்டோ 75 பெற்றால்தான் பச்சை நிறம் பெறும். திரைப்படத்திற்கு நடுத்தரம் 40 முதல் 60 வரை. விளையாட்டிற்கு நடுத்தரம் 50 முதல் 74 வரை. அஃதாவது, விளையாட்டுகளுக்கு வழங்கப்படும் மதிப்பெண்கள் பொதுவாகவே உயர்ந்து நிற்கின்றன. அளவுகோலின் கீழ்ப்பாதி அரிதாகவே பயன்படுகின்றது. அதனால், பத்துக்கு ஏழு என்பது பார்வைக்கு உயர்ந்த மதிப்பெண்ணாகத் தோன்றினும், விளையாட்டு உலகில் அது நடுத்தரத்தின் பெயராகவே வழங்குகின்றது. அளவுகோலின் இயல்பை அறியாமல் எண்ணை மட்டும் காண்பவர் ஏமாறுவர்.

இவ்விடர்ப்பாட்டை உணர்ந்து எண்ணைத் துறந்த இதழ்களும் உண்டு. இங்கிலாந்து நாட்டு 'யூரோகேமர்' 2015-ஆம் ஆண்டில் மதிப்பெண் வழங்குவதைக் கைவிட்டு, 'இன்றியமையாதது', 'பரிந்துரைக்கத்தக்கது', 'தவிர்க்கத்தக்கது' என்னும் சொற்களைத் தக்க ஆட்டங்களுக்கு மட்டும் வழங்கத் தொடங்கியது. எனினும், 2023-ஆம் ஆண்டில் ஐந்து விண்மீன் அளவுகோலோடு அது மீண்டும் மதிப்பிடும் முறைக்குத் திரும்பியது. எண்ணின்றித் தீர்ப்புக் கூறுதல் அரிது. எண்ணொன்றே தீர்ப்பாதலும் தகாது. இவ்விரண்டிற்கும் இடையில் திறனாய்வுலகம் இன்றும் வழி தேடுகின்றது.

ஒரு மதிப்பெண்ணின் விலை

தீர்ப்பு வெறுஞ்சொல்லாக நில்லாமல், பிறர் வாழ்வையும் தொடக்கூடும். 2010-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. அதனை உருவாக்கியது அப்சிடியன் நிறுவனம். வெளியிட்டது பெதெஸ்டா நிறுவனம். அணுப்போரால் பாழ்பட்ட அமெரிக்கப் பாலைநிலத்தில் நிகழும் அக்கதையில், ஆடுவோர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பின்வரும் நிகழ்ச்சிகளை மாற்றும். உரையாடலின் நயமும், ஒரு சிக்கலைப் பலவழிகளில் தீர்க்கும் உரிமையும் பாராட்டுப் பெற்றன. ஆனால், வெளிவந்த நாளில் அவ்வாட்டம் பிழைகள் மலிந்து காணப்பட்டது. இடையிடையே ஆட்டம் உறைந்து நின்றது. சில இடங்களில் தொடரவே இயலாது போயிற்று.

பிழைகளைத் திறனாய்வாளர் எடுத்துக் கூறியது முறையே. ஆனால், அதன் விளைவு எதிர்பாராதது. அப்சிடியன் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் அவெலோன் 2012-ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளிப்படுத்தினார். மெட்டாகிரிட்டிக் கணக்கில் 85 பெற்றால் ஊக்கத்தொகை உண்டு என்பது அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். ஆட்டம் பெற்றதோ 84. ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தமையால் அத்தொகை கிட்டாது போயிற்று. தம் இதழில் ஏழென்றோ எட்டென்றோ எழுதிய திறனாய்வாளர் எவரும், தம் எண் பிறரது ஊதியத்தை அளக்கும் படியாகும் என்று கருதி எழுதியிருக்க மாட்டார். பின்னர்ப் பிழைகள் பல திருத்தப்பட்டன. அவ்வாட்டம் இன்று அத்தொடரின் மிகச் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாகப் பலரால் போற்றப்படுகின்றது. எழுத்தின் சிறப்பு நிலைத்தது. கணிப்பொறிப் பிழையோ காலப்போக்கில் குறைந்தது. எது நிலைக்கும், எது நீங்கும் என்று பகுத்தறிந்து கூறியவர்களின் உரையே இன்றும் படிக்கத்தக்கதாக உள்ளது.

காலமும் தீர்ப்பும்

அச்சிட்ட நூல் அச்சிட்டபடியே நிற்கும். வீடியோ விளையாட்டோ வெளிவந்த பின்னும் மாறும் இயல்புடையது. இதனால் தீர்ப்புக் கூறுவார்க்கு மற்றோர் இடர் நேர்கின்றது. 'எவர்க்கும் உரித்தல்லாத வானம்' எனப் பொருள்படும் 'நோ மேன்ஸ் ஸ்கை' இதற்குச் சான்றாகும். இங்கிலாந்து நாட்டுக் கில்டுஃபோர்டு நகரிலுள்ள 'ஹலோ கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் அதனை 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளியிட்டது. அதிலுள்ள கோள்களின் எண்ணிக்கை, பதினெட்டிற்குப் பின் பதினெட்டுச் சுழிகள் இட்டால் வரும் எண்ணினும் பெரிது. அத்துணைக் கோள்களையும் எவரும் கையால் வரையவில்லை. கணக்கு விதிகளைக் கொண்டு, ஆடுவோர் அணுகும்போது கணிப்பொறியே மலையையும் கடலையும் விலங்கையும் படைத்துக் காட்டியது.

எண்ணம் பெரிது, ஆயினும் அன்று கண்ட பயன் சிறிது. கோளுக்குக் கோள் நிறமும் வடிவும் மாறினவேயன்றி, செய்யும் செயல் மாறவில்லை. கனிமம் திரட்டல், எரிபொருள் நிரப்பல், அடுத்த கோளுக்குச் செல்லல் என்பனவே தொடர்ந்தன. ஆடுவோர் ஒருவரையொருவர் காணலாம் என்று பலர் எதிர்பார்த்திருந்தனர். வெளியான முதல் நாட்களில் இருவர் ஒரே இடத்தை அடைந்தும் ஒருவரையொருவர் காண இயலவில்லை. திறனாய்வாளரின் தீர்ப்பு நடுத்தரமாக அமைந்தது. பொருள் கொடுத்து வாங்கியவர்களின் சினமோ எல்லை கடந்தது. விளம்பரம் பொய்யானது என்னும் முறையீட்டை ஆராய்ந்த இங்கிலாந்து நாட்டு விளம்பர நெறிக்குழு, அவ்வாண்டு நவம்பரில் அம்முறையீட்டைத் தள்ளியது.

அந்நிறுவனத்தார் பழிச்சொல்லுக்கு எதிர்ச்சொல் கூறாமல், பணியைத் தொடர்ந்தனர். கட்டடம் எழுப்புதல், பலர் கூடி ஆடுதல் முதலியவற்றைக் கட்டணமின்றியே ஒவ்வொன்றாகச் சேர்த்தனர். 2018-ஆம் ஆண்டில் வெளியான பெருந்திருத்தத்தால் ஆடுவோர் ஒருவரையொருவர் கண்டு உடனாடும் வாய்ப்பு முழுமையாக அமைந்தது. தொடக்கத்தில் கடுஞ்சொற்களால் நிறைந்திருந்த ஆடுவோர் கருத்துகள், ஆண்டுகள் செல்லச் செல்லப் பாராட்டுகளாக மாறின.

அங்ஙனமாயின், 2016-ஆம் ஆண்டில் குறை கூறியவர் பிழை செய்தவரோ? அல்லர். வாங்குவோர் கைப்பொருள் கொடுத்துப் பெறுவது அன்று கையில் உள்ள ஆட்டத்தையே. நாளை நன்றாகும் என்னும் நம்பிக்கையை எவரும் இன்று ஆட இயலாது. உள்ளதை உள்ளவாறு கூறித் தீர்ப்பளித்தவர் வாங்குவோர்க்கு நன்மையே செய்தனர். ஆனால், 'இது ஒருநாளும் தேறாது' என்று எதிர்காலத்தையும் சேர்த்துத் தீர்ப்பளித்தவர் எல்லை கடந்தவராவர். இன்றைய நிலைக்குத் தீர்ப்புக் கூறுதல் திறனாய்வு; நாளைய நிலைக்கு முடிவு கூறுதல் ஆரூடம்.

நல்ல தீர்ப்பின் இலக்கணம்

மேற்கூறியவற்றால், நடுத்தரப் படைப்புக்குத் தீர்ப்புக் கூறுவார் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில புலனாகும். படைத்தவர் எதனைச் செய்ய முயன்றார் என்பதை முதலில் காணல் வேண்டும். ஓடும் ஆட்டத்தில் போர் இல்லையே என்று குறை கூறுதல் மாமரத்தில் பலா இல்லையே என்று வருந்துதலை ஒக்கும். அடுத்து, முயன்றதில் எவ்வளவு நிறைவேறியது என்பதைச் சான்று காட்டி உரைத்தல் வேண்டும். பின்னர், குறையின் தன்மையைப் பகுத்தல் வேண்டும். எளிதில் திருந்தும் பிழையும், அமைப்பிலேயே ஊறிய குறையும் ஒன்றாகா. எத்தகைய ஆடுவோர்க்கு இஃது உகந்தது, எத்தகையோர்க்கு உகவாதது என்பதையும் குறித்தல் வேண்டும். தீர்ப்பு எந்நாளில், ஆட்டத்தின் எந்நிலையைக் கண்டு எழுதப்பட்டது என்பதையும் மறவாது கூறல் வேண்டும்.

இரக்கத்தால் குறையை மறைப்பவர் வாங்குவோரை வஞ்சிக்கின்றார். சினத்தால் நிறையை மறைப்பவர் படைத்தவரை வஞ்சிக்கின்றார். துலாக்கோலின் இரு தட்டையும் ஒப்ப நோக்குபவரே இருவர்க்கும் நண்பராவர்.

இந்நெறி வீடியோ விளையாட்டுகளுக்கு மட்டும் உரியதன்று. நண்பர் எழுதிய கட்டுரை, உடன்பயில்வோர் நடித்த நாடகம், தம்பி வரைந்த ஓவியம் ஆகியவற்றைப் பற்றிக் கருத்துக் கேட்கப்படும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தீர்ப்பளிப்பவராகவே அமைகின்றனர். உலகில் மிகச் சிறந்தனவும் சில, மிக இழிந்தனவும் சில, இடைப்பட்டனவே பல. அவற்றுள் உயிருள்ள வித்து எது, நீக்கத்தக்க உமி எது என்று பொறுமையோடு பிரித்துக் காட்டும் சொல், படைத்தவரின் அடுத்த முயற்சிக்கு உரமாகும். 'நன்று', 'தீது' என்னும் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், 'இன்னது நன்று, இன்னது திருந்தவேண்டும், இதனால்' என்று காரணத்தோடு கூறப் பழகுதலே மாணவர்க்கு அழகாகும்.